ஓடுவது தார் ரோட்டில்... மாட்டுவது ஏ.டி. டயரா? திருவண்ணாமலை எஸ்யூவி ஓனர்கள் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது என்ன?

திருவண்ணாமலை செங்கம் சாலையில் சாயங்காலம் ஐந்து நிமிடம் நின்றால் போதும். பெங்களூரில் இருந்து வருகிற எஸ்யூவிகள், வார இறுதிக்குச் சென்னையில் இருந்து வந்தவை, உள்ளூர் வண்டிகள் என வரிசையாகக் கடந்து போகும். அதில் சில வண்டிகளின் டயரைப் பார்த்தால் டிராக்டர் டயருக்குத் தம்பி மாதிரி இருக்கும். பெரிய பெரிய பட்டன், பட்டனுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி, பக்கவாட்டில் வெள்ளை எழுத்து. பார்க்க கெத்துதான். அதே சாலையின் ஓரத்தில்தான் வெறுங்காலோடு கிரிவலம் போகிறவர்களும் நடக்கிறார்கள்.

இந்த இரண்டுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. மழையில் நனைந்த தார் ரோட்டில் பிரேக் அடித்தால் வண்டி எத்தனை மீட்டரில் நிற்கும் என்பதுதான் அது. 'ஆல் டெர்ரெய்ன்', சுருக்கமாக ஏ.டி. டயர் வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் கடையில் முதலில் கேட்பது விலை, அப்புறம் மைலேஜ், அதற்கப்புறம் சத்தம். பிரேக் பற்றிய கேள்வி பல நேரம் வருவதே இல்லை. உண்மையில் முதலில் வர வேண்டிய கேள்வி அது.

திடீரென ஏன் இந்தப் பேச்சு?

இரண்டு காரணங்கள். ஒன்று, நாட்டில் விற்கும் கார்களில் பெரும்பகுதி இப்போது எஸ்யூவி ரகம்தான். வாகன உற்பத்தியாளர்கள் சங்கமான சியாம் கணக்குப்படி 2024-25 நிதியாண்டில் விற்ற சுமார் 43 லட்சம் பயணிகள் வாகனங்களில் ஏறத்தாழ 28 லட்சம், எஸ்யூவியும் எம்பிவியும் சேர்ந்த யுட்டிலிட்டி ரகம். மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. அந்த வண்டிகளின் முதல் செட் டயர் தேய்ந்து, மாற்றும் நேரம் வந்துகொண்டே இருக்கிறது.

இன்னொன்று வரி. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18 ஆகக் குறைந்தது. வரிக்கு முந்தைய விலை 10,000 ரூபாய் என்றால் முன்பு 12,800 கொடுத்த இடத்தில் இப்போது 11,800. நான்கு டயருக்கு 4,000 ரூபாய் மிச்சம். "மிச்சமான காசுல ஏ.டி.யே போட்டுடலாமே" என்று தோன்றுவது இயல்பு.

ஹெச்.டி., ஏ.டி., எம்.டி. - என்ன வித்தியாசம்?

எஸ்யூவி டயர்களைப் பொதுவாக மூன்றாகப் பிரிக்கலாம். ஹெச்.டி. என்றால் ஹைவே டெர்ரெய்ன். தார் ரோட்டுக்கானது. பட்டன்கள் நெருக்கமாக, நீளவாக்கில் தண்ணீர் வெளியேறும் கோடுகளோடு இருக்கும். எம்.டி. என்றால் மட் டெர்ரெய்ன், சேற்றுக்கானது. தார் ரோட்டில் அதை ஓட்டுவது ஸ்பைக்ஸ் ஷூ போட்டுக்கொண்டு கல்யாண மண்டபத்துக்குப் போவது மாதிரி. நடுவில் இருப்பது ஏ.டி. மண், ஜல்லி, தார் மூன்றிலும் ஓரளவு ஓடும்.

இந்த ரகம் அமெரிக்காவில் பிரபலமானது 1976ல் பிஎஃப்குட்ரிச் தன் ரேடியல் ஆல் டெர்ரெய்ன் டயரைக் கொண்டுவந்த பிறகு. அதை வளர்த்தெடுத்த களம் மெக்சிகோவின் பாஹா பாலைவனப் பந்தயம். இங்கே அப்போலோ, சியட், எம்ஆர்எஃப், ஜே.கே., யோகோஹாமா என எல்லோரிடமும் இப்போது ஏ.டி. ரகம் இருக்கிறது. மஹிந்திராவின் தார், 2020ல் புதிய வடிவில் வந்தபோது அதன் உயர் வேரியன்ட்டுக்குக் கம்பெனியே 18 இன்ச் சியட் ஏ.டி. டயரை மாட்டிக் கொடுத்தது. ரோட்டில் அந்த லுக் பழகியதில் தாருக்குப் பங்கு உண்டு.

ஆனால் இன்னொரு வண்டியையும் கவனிக்க வேண்டும். 2023ல் வந்த மாருதி ஜிம்னி. ஃபோர் வீல் டிரைவ், லோ ரேஞ்ச் கியர் என மலையேறுவதற்கு வேண்டிய எல்லாம் உள்ள வண்டி. அதற்கு கம்பெனி கொடுத்தது ஹெச்.டி. டயர். வாங்குகிறவர் பெரும்பாலும் எங்கே ஓட்டுவார் என்பது கம்பெனிக்குத் தெரியும்.

மழை ரோட்டில் 6 மீட்டர் கணக்கு

ஏ.டி. டயரில் பட்டன்களுக்கு நடுவே இடைவெளி அதிகம். மண்ணைக் கவ்விப் பிடிப்பதற்கும், சிக்கிய கல்லையும் சேற்றையும் வெளியே தள்ளுவதற்கும் அந்த இடைவெளி வேண்டும். ஆனால் தார் ரோட்டில் வண்டியை நிறுத்துவது ரோட்டைத் தொடும் ரப்பர்தான். இடைவெளி கூடினால் தொடும் ரப்பர் குறையும். அதோடு உயரமான பட்டன்கள் பிரேக் அழுத்தும்போது லேசாக மடங்கும். கூர்மையான கல் கிழிக்காமல் இருக்க பல ஏ.டி. டயர்களில் ரப்பர் கலவையும் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். ஈரத்தில் ஒட்டிப் பிடிப்பது மென்மையான கலவை. இந்த மூன்றும் சேர்ந்துதான் ஈர ரோட்டில் ஏ.டி.யின் பிடிமானத்தைக் குறைக்கிறது.

எவ்வளவு குறையும் என்பது டயருக்கு டயர் மாறும். புரிந்துகொள்ள ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். (எந்த பிராண்டின் சோதனை முடிவும் அல்ல, பள்ளிக்கூட இயற்பியல்தான்.) நல்ல ஹெச்.டி. டயரின் ஈரப் பிடிமான எண் 0.7 என்றும், ஒரு ஏ.டி. டயருடையது 0.6 என்றும் வைத்துக்கொள்வோம். வேகம் மணிக்கு 80 கி.மீ.

முதல் வண்டி பிரேக் அழுத்தியதில் இருந்து 36 மீட்டரில் நின்றுவிடும். இரண்டாவது வண்டி நிற்க 42 மீட்டர் ஆகும். 6 மீட்டர் வித்தியாசம், ஒரு எஸ்யூவியின் நீளத்தைவிட அதிகம்.

"6 மீட்டர்தானே" என்று நினைத்தால் அடுத்த வரிதான் முக்கியம். முதல் வண்டி முழுசாக நின்றுவிட்ட அந்த 36வது மீட்டரில் இரண்டாவது வண்டி இன்னும் மணிக்கு சுமார் 30 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். முன்னால் மாடு இருந்தாலும் சரி, ஆள் இருந்தாலும் சரி, ஒரு டயரோடு வந்தவர் பெருமூச்சு விடுவார், இன்னொரு டயரோடு வந்தவர் இடித்திருப்பார். டிரைவர் ஒருவரே, பிரேக்கும் ஒன்றே.

ஊருக்குள் 50 கி.மீ. வேகத்தில் வித்தியாசம் 2 மீட்டர் சொச்சம்தான். அப்போதும் முதல் வண்டி நின்ற இடத்தை இரண்டாவது வண்டி கடக்கும் வேகம் மணிக்கு 19 கி.மீ. அளவுக்கு இருக்கும். ரெண்டு டன் எடையோடு.

இதில் ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். எல்லா ஏ.டி.யும் மோசம், எல்லா ஹெச்.டி.யும் நல்லது என்று அர்த்தமில்லை. பட்டன்களில் மெல்லிய வெட்டுக் கோடுகள் நிறைய உள்ள, தார் ரோட்டை மனதில் வைத்துச் செய்த ஏ.டி. டயர்கள் இப்போது வருகின்றன. ரோட்டில் தண்ணீர் ஆழமாகத் தேங்கி நின்றால் ஏ.டி.யின் அகலமான பள்ளங்கள் தண்ணீரைத் தள்ளவும் உதவும். தேய்ந்து வழுவழுப்பான ஹெச்.டி.யைவிடப் புது ஏ.டி. எவ்வளவோ மேல். ஒரே தரத்தில், ஒரே வயதில் இரண்டையும் வைத்துப் பார்த்தால், ஈரத் தார் ரோட்டில் ஹெச்.டி.க்கே பெரும்பாலும் கை ஓங்கும்.

திருவண்ணாமலையில் மண் ரோடு எங்கே இருக்கிறது?

ஊரைத் தொடும் பெரிய ரோடுகளை எடுத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரியில் இருந்து செங்கம் வழியாக வந்து செஞ்சி, திண்டிவனம் போவது தேசிய நெடுஞ்சாலை 77. வேலூரில் இருந்து போளூர் வழியாக வந்து விழுப்புரம் போவது தேசிய நெடுஞ்சாலை 38. சென்னை சுமார் 190 கி.மீ., பெங்களூரு 200 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். இரண்டு பக்கமும் முழுக்கத் தார் ரோடுதான். விரிவாக்கப் பணி பல வருஷம் இழுத்தடித்தபோது இந்த வழியில் வந்தவர்களுக்கு "அப்போ ஏ.டி. இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று தோன்றியிருக்கலாம். குழியில் இறங்கும்போது காப்பாற்றுவது பட்டன் இல்லை. டயரின் பக்கச்சுவர் உயரமும், சரியான காற்றும், குறைந்த வேகமும்தான்.

14 கி.மீ. கிரிவலப் பாதையும் தார் ரோடுதான். செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டும் வரை நெடுஞ்சாலையும் கிரிவலமும் ஒரே ரோடு. பௌர்ணமி அன்று போக்குவரத்து மாற்றம் இருக்கும், போலீஸ் இருக்கும். சாதாரண நாளில் விடியற்காலை நாலு மணிக்கும், ராத்திரி பதினொரு மணிக்கும் நடக்கிறவர்களுக்கு எந்த ஏற்பாடும் கிடையாது. பிரேக் தூரம் என்று சொல்வதெல்லாம் அங்கேதான் அர்த்தம் பெறுகிறது.

சரி, ஜவ்வாது மலை? பலரும் சொல்லும் முதல் காரணம் அதுதான். போளூர் பக்கத்தில் இருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் மலைப்பாதை தார் ரோடு. பஸ் போகிற ரோடு. கோமுட்டேரி படகுத்துறைக்கும், காவலூர் வானியல் ஆய்வகம் பக்கமும் சாதாரண கார்களே போய் வருகின்றன. உள்ளடங்கிய சில மலைக் கிராமங்களுக்கு இன்னும் மண் பாதைதான், அங்கே மழைக்காலத்தில் ஏ.டி. உதவும். ஆனால் சுற்றுலா போகிறவரின் வண்டி அந்தப் பாதையில் வருஷத்துக்கு எத்தனை கி.மீ. ஓடும்?

கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது ஏ.டி.யின் உயரமான பட்டன்கள் லேசாக நெளிவதால் ஸ்டீயரிங் கொஞ்சம் மந்தமாக இருப்பது போலத் தெரியும். பழகிவிடும். ஆனால் "மலைக்குப் போறோம், அதனால ஏ.டி." என்ற கணக்கு இங்கே அவ்வளவாக நிற்காது. பர்வதமலைக்கோ எந்த டயரும் உதவாது, முட்டிதான் உதவ வேண்டும். ரோடு அடிவாரத்தோடு முடிந்துவிடுகிறது.

காட்டுக்குள் இறக்கி ஓட்டலாம் என்று யாராவது நினைத்தால் அது வேறு பிரச்சினை. ஜவ்வாது மலையிலும் அண்ணாமலையார் மலையிலும் பெரும்பகுதி காப்புக்காடு. அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். யூடியூபில் பார்க்கும் ஆஃப்-ரோடு சாகசத்துக்கான இடம் இந்த ஊரில் சட்டப்படி கிட்டத்தட்ட இல்லை.

மிச்சம் இருப்பது ஒன்று. கார்த்திகை தீபத்துக்கு ஊருக்கு வெளியே காலி இடங்களில் அமைக்கும் தற்காலிக பார்க்கிங். தீபம் வருவதே மழைக்காலத்தில். மழை பெய்துவிட்டால் செம்மண் குழைந்து, வண்டி ஒரே இடத்தில் சுற்றும். அந்த ஒரு நாளுக்காக ஏ.டி. போடலாமா? ஒரு நல்ல கயிறும், தள்ளுவதற்கு நாலு பேரும் இருந்தால் போதும். தீபத்தன்று ஆளுக்கா பஞ்சம்?

வெள்ளத்தில் ஏ.டி. காப்பாற்றுமா?

காப்பாற்றாது. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை திருவண்ணாமலையைப் புரட்டிப் போட்டது. வ.உ.சி. நகரில் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து ஏழு பேர் உயிரிழந்தனர். சாத்தனூர் அணையில் இருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணைக் கரையோரம் ரோடுகள் துண்டிக்கப்பட்டன.

அந்த மாதிரி நேரத்தில் "நம்ம வண்டி உயரம், டயர் பெருசு" என்ற நம்பிக்கை ஆபத்தானது. அமெரிக்க தேசிய வானிலை சேவையின் எச்சரிக்கைப்படி, வேகமாக ஓடும் தண்ணீர் ஒரு அடி ஆழம் இருந்தாலே பெரும்பாலான கார்களை அடித்துச் செல்ல முடியும். இரண்டு அடி என்றால் எஸ்யூவியும் பிக்கப்பும் கூடப் போய்விடும். டயர் பிடிப்பது வண்டியின் எடையால். தண்ணீர் வண்டியைத் தூக்க ஆரம்பித்தால் எடையே குறைந்துவிடுகிறது. அப்புறம் பட்டன் பெரிதாக இருந்து என்ன பயன்?

மைலேஜும் சத்தமும்

கார் எரிக்கும் எரிபொருளில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு டயர் உருள்வதற்கே போகிறது என்பது பொதுவான மதிப்பீடு. ஏ.டி. டயர் எடை கூடியது, பட்டன்கள் நெளிவதால் உருள எதிர்ப்பும் கூடும். அந்த எதிர்ப்பு 20 சதவீதம் கூடினால் டீசல் செலவு சுமார் 4 சதவீதம் கூடும். மாதம் 1,500 கி.மீ., லிட்டருக்கு 12 கி.மீ. தரும் வண்டி என்றால் 125 லிட்டர். அதில் 4 சதவீதம் 5 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் மாதம் 460, வருஷத்துக்கு 5,500 ரூபாய் சொச்சம். ஜி.எஸ்.டி.யில் மிச்சம் பிடித்த 4,000 ஒரே வருஷத்தில் போய்விடும்.

சத்தம் ரசனையைப் பொறுத்தது. 80 தாண்டினால் ஒரு 'ஊ' சத்தம் கூடவே வரும். சிலருக்கு அது வீரம், பின் சீட்டில் தூங்கப் பார்க்கும் அம்மாவுக்குத் தலைவலி. டயர் தேயத் தேய, அதுவும் ஒரு பக்கமாகத் தேய்ந்தால், சத்தம் இன்னும் கூடும். அதனால் ஏ.டி. போட்டவர்கள் 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றிப் போடுவதை விடக்கூடாது.

அப்போ யாருக்குத்தான் ஏ.டி.?

தேவை உள்ளவர்கள் நிறையப் பேர் இதே மாவட்டத்தில் இருக்கிறார்கள். நிலத்துக்குப் போக தினமும் மூன்று நாலு கி.மீ. மண் பாதையில் போய் வருகிற விவசாயி. கல் குவாரி, கிரஷர் பக்கம் வேலை இருப்பவர். மலைக் கிராமங்களுக்குப் போகும் மருத்துவக் குழு, ஒப்பந்ததாரர். இவர்களுக்கு பிரேக்கில் இழக்கும் சில மீட்டரைவிட, கூர்மையான ஜல்லியில் டயர் கிழிந்து நடுவழியில் நிற்பதே பெரிய செலவு. ஏ.டி.யில் பல மாடல்களுக்குப் பட்டன் ஆழமும், கல் கிழிக்காத உறுதியும் அதிகம். அதற்கான பலனை இவர்கள் தினமும் அனுபவிப்பார்கள்.

தார் மாதிரி கம்பெனியிலேயே ஏ.டி.யோடு வந்த வண்டிக்கும் இந்தப் பயம் அவ்வளவு வேண்டாம். ஏ.பி.எஸ்., வழுக்காமல் காக்கும் ஈ.எஸ்.பி. போன்றவற்றை எந்த டயரில் வண்டி வெளியே வருகிறதோ அதற்கேற்பத்தான் கம்பெனி சரிசெய்யும். மஹிந்திராவின் எஸ்யூவி சோதனைத் தடம் இருப்பதே திருவண்ணாமலை மாவட்டத்தில்தான். செய்யாறு சிப்காட்டில் சுமார் 450 ஏக்கரில் விதவிதமான ரோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே பார்த்துப் பார்த்து அமைத்ததை வெளியே வந்ததும் நாம் டயர் மாற்றிக் கலைக்கிறோம் என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம்.

மற்றபடி, மாதத்தில் 95 சதவீதம் தார் ரோட்டில் ஓடும் கிரெட்டா, ஸ்கார்பியோ, ஃபார்ச்சூனர் ஓனருக்கு நல்ல ஹெச்.டி. டயர்தான் பொருத்தம். எப்போதாவது மண் ரோட்டில் சிக்கினால் பழைய வித்தை ஒன்று இருக்கிறது. காற்றைக் குறைப்பது. 33 பி.எஸ்.ஐ. உள்ள டயரை 22 வரை இறக்கினால் டயர் தரையில் அகலமாகப் படியும், குழைந்த மண்ணில் பிடிப்பு நன்றாகவே கூடும். மெதுவாக ஓட்டி வெளியே வந்ததும் திரும்பக் காற்றடிக்க வேண்டும். காரின் 12 வோல்ட் பாயின்ட்டில் மாட்டும் சின்ன பம்ப் ஒன்று டிக்கியில் கிடந்தால் போதும்.

திரும்ப அடிக்காமல் ஹைவேயில் ஏறினால் விபரீதம். விமான டயர்களை வைத்து நாசா 1963ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு சூத்திரம் கிடைத்தது. தேங்கிய தண்ணீரில் டயர் ரோட்டை விட்டு மிதக்கத் தொடங்கும் வேகம் அதன் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. அதைக் காருக்கு உத்தேசமாகப் பொருத்தினால் 33 பி.எஸ்.ஐ.க்கு மணிக்கு சுமார் 95 கி.மீ., 22 பி.எஸ்.ஐ.க்கு 78 கி.மீ. செஞ்சி ரோட்டில் மழையில் 80ல் போவது ஒன்றும் அதிசயம் இல்லையே. வெயிலிலும் ஆபத்துதான். காற்று குறைந்த டயர் அதிகம் நெளிந்து சூடேறும், சூடேறினால் வெடிக்கும்.

வாங்கியே தீருவேன் என்றால்...

சரி, லுக் பிடித்திருக்கிறது, வாங்கப் போகிறீர்கள். அப்போது முதலில் சைஸ். 265/60 ஆர்18 டயர் வந்த வண்டிக்கு 265/65 போட்டால் விட்டம் 3.4 சதவீதம் கூடும். அப்போது ஸ்பீடோமீட்டர் முன்பு காட்டியதைவிடக் குறைவான வேகத்தைக் காட்டும். ஏ.பி.எஸ். கணக்கும் லேசாக மாறும், திருப்பும்போது டயர் உள்பக்கம் உரசவும் வாய்ப்பு உண்டு.

சட்டச் சிக்கலும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவைக் குறித்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களில் இருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. பட்டன் டிசைன் மாறுவது வேறு, சைஸ் மாறுவது வேறு. வண்டியின் மேனுவலிலோ கதவோரத்து ஸ்டிக்கரிலோ உள்ள சைஸை விட்டு நகராதீர்கள். மட்காடைத் தாண்டி வெளியே துருத்தும் டயர் போலீஸ் கண்ணுக்கும் தெரியும், விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் கண்ணுக்கும் தெரியும்.

அடுத்து, சைஸுக்குப் பக்கத்தில் ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். 110 ஹெச் என்றால் ஒரு டயர் 1,060 கிலோ தாங்கும், உச்ச வேகம் 210 கி.மீ. ஏ.டி. டயர்களில் எஸ் (180), டி (190), சிலவற்றில் க்யூ (160) கூட வரும். யாரும் 160ல் போகப் போவதில்லை என்றாலும் அந்த எழுத்து டயர் எவ்வளவு சூடு தாங்கும் என்பதையும் சொல்கிறது. எடை எண் மட்டும் கம்பெனி சொன்னதைவிட எக்காரணம் கொண்டும் குறையக்கூடாது. குடும்பம், லக்கேஜ், ஸ்டெப்னி எல்லாம் ஏறினால்தான் அதன் அருமை தெரியும். சைஸுக்கு முன்னால் 'எல்.டி.' என்று இருந்தால் அது லைட் டிரக் ரகம். அதே எடையைத் தாங்க அதற்குக் காற்று அதிகம் வேண்டும், வழக்கமான 33ஐ அடித்துவிட்டு வரக்கூடாது.

ஈரப் பிடிமானத்தை எப்படித் தெரிந்துகொள்வது? இந்தியாவில் விற்கும் கார் டயர்கள் ஈரப் பிடிமானம், உருளல் எதிர்ப்பு, சத்தம் மூன்றிலும் ஏ.ஐ.எஸ். 142 என்ற தர அளவைத் தாண்டியாக வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022ல் அறிவித்தது. புது டிசைன்களுக்கு அந்த ஆண்டு அக்டோபரில் இருந்தும், பழைய டிசைன்களுக்கு 2023ல் இருந்தும் நடைமுறை. அது பாஸ் மார்க் மட்டும்தான். 35 எடுத்தவர் யார், 90 எடுத்தவர் யார் என்று கடையில் தெரியாது. எரிபொருள் சிக்கனத்துக்கு பி.இ.இ. ஸ்டார் லேபிள் சில டயர்களில் இருக்கிறது, ஆனால் ஸ்டார் அதிகம் என்பதற்காக பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்று அர்த்தமில்லை. ஐரோப்பாவில் ஒவ்வொரு டயருக்கும் ஈரப் பிடிமானத்துக்கு ஏ முதல் இ வரை கிரேடு உண்டு, ஆன்லைனிலும் பார்க்கலாம். நீங்கள் வாங்க நினைக்கும் மாடல் அங்கேயும் விற்கப்பட்டால் அந்த கிரேடு ஒரு துப்பு. கலவை நாட்டுக்கு நாடு மாறலாம் என்பதால் துப்பு மட்டுமே. டயரில் மலைச் சின்னத்துக்குள் பனித்துளி போட்டிருந்தால் அது பனி பொழியும் நாட்டுக்கானது. இங்கே அதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், வெளிநாட்டு டயருக்கும்தான். பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள். 3525 என்றால் 2025ஆம் ஆண்டின் 35வது வாரம் தயாரானது. ஆஃபரில் கொடுக்கிறார்கள் என்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்தான்.

நான்கையும் ஒன்றாக மாற்றுவதே நல்லது. முன்னால் ஹெச்.டி., பின்னால் ஏ.டி. என்று கலந்து போட்டால் ஈரத்தில் முன் டயர் ஒரு மாதிரியும் பின் டயர் வேறு மாதிரியும் பிடிக்கும். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் விட்டம் கொஞ்சம் மாறினாலும் கியர்பாக்ஸ் பக்கம் செலவு வைக்கும். ஒரே ரகத்தில் இரண்டு மட்டும்தான் வாங்க முடியும் என்றால் புதுசு பின்னால் போக வேண்டும், முன் வீல் டிரைவ் வண்டியாக இருந்தாலும். பின் டயர் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும், சமாளிப்பது கஷ்டம்.

சட்டப்படி கார் டயரின் பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக்கூடாது. பள்ளங்களுக்குள் டி.டபிள்யூ.ஐ. என்ற மேடு இருக்கும், பட்டன் அதன் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது. ஆனால் 3 மி.மீ.க்குக் கீழே போனதுமே ஈரத்தில் பிடிப்பு கணிசமாகக் குறைந்துவிடும். ஏ.டி.யில் இது இன்னும் ஏமாற்றும். பட்டன் பெரிதாக இருப்பதால் பாதி தேய்ந்த பிறகும் பார்க்கப் புதுசு மாதிரியே தெரியும், அதற்குள் பட்டன் மேல் இருக்கும் மெல்லிய வெட்டுக் கோடுகள் பல டயர்களில் மறைந்திருக்கும். ஈர ரோட்டில் பிடித்துக்கொண்டிருந்ததே அந்தக் கோடுகள்தான். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் ஒருமுறை குனிந்து பாருங்கள்.